ஒரு கிலோமீட்டர் தூரத்து ஸ்டேஷன்

ஆலை கட்ட வந்த முதலாளிகளிடம் அதிகாரி வரைபடத்தை விரித்து, "ரயில்வே ஸ்டேஷன் ஒரே ஒரு கிலோமீட்டர்!" என்று பெருமையடித்தார். டீ கொண்டுவந்த செங்கமலம், "அங்கே ஒரு பஸ் விடுங்கய்யா, மகளைக் கட்டிக்கொடுத்த ஊர்" என்று கெஞ்சினாள்.

"ஒரு கிலோமீட்டருக்குப் பஸ்ஸா? கால் மணி நேரத்தில் எங்களை நடத்திக் கூட்டிப்போய் ஸ்டேஷனைக் காட்டு, பார்ப்போம்!" என்றார் அதிகாரி.

சொன்ன நேரத்துக்குள் ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆறு நிறைந்து ஓடியது.

"அதோ, அக்கரையில தெரியுதே, அதுதான் ஸ்டேஷன். காட்டச் சொன்னீங்க, காட்டிட்டேன். போய்ச் சேரணும்னா நாற்பது கிலோமீட்டர் சுத்தணுங்கய்யா."

"பாலம் எங்கே சார்?" என்றார் ஒரு முதலாளி. அதிகாரி வரைபடத்தைச் சுருட்டினார்.

செங்கமலத்துக்கு எதுவும் காதில் விழவில்லை. அக்கரையில் துணி துவைக்க வந்த மகள், இவளைக் கண்டதும் குழந்தையை உயரத் தூக்கிக் காட்டினாள். பேத்தி பிறந்து ஆறு மாதம். செங்கமலம் இன்னும் ஒருமுறைகூட அவளைத் தூக்கியதில்லை.