யானை தேடிப் போன தெரு

கோட்டையம்பதி ராஜா பூபாலசிம்மருக்கு எதைப் பார்த்தாலும் அது தமக்கும் வேண்டும். பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போனவர், அங்கே வரிசையாக மாளிகைகளைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்தபின் சோறே இறங்கவில்லை. நம் ஊரையும் அப்படி ஆக்கு என்றார். மந்திரி வேங்கடராயருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஊரிலுள்ள செங்கல் சூளையெல்லாம் அவர் மைத்துனருடையவை!

முதலில் இடிபட்டது வெல்லக்கடைத் தெரு. வெல்லமும் பொரியும் கரும்பும் விற்றவர்களை ஏரிக்கரைக்கு விரட்டினார்கள். இரண்டே மாதத்தில் அங்கே வெள்ளை வெளேரென்று மாடிவீடுகள் எழும்பின. எல்லாக் கதவும் ஒரே மாதிரி, எல்லாக் கதவிலும் பூட்டு. மற்ற தெருக்களை இடிக்கவும் திட்டம் தயார்.

ராஜாவிடம் வாய்விட்டுப் பேசக்கூடியவர் அரண்மனை விகடகவி அம்பலக்கூத்தர் ஒருவர்தான். வெல்லக்கடை வெள்ளையம்மா அவரிடம் ஓடினாள்.

"ஏரிக்கரைக்கு ஆரு சாமி வர்றா? குளிக்க வர்ற பட்டத்து யானைதான் தினம் வருது. அதுகிட்டக் காசா கேக்க முடியும்?"

அழ வந்தவள் சொல்லிவிட்டுச் சிரித்தும்விட்டாள். கூத்தருக்கு மனசு கனத்தது. கூடவே ஒரு யோசனையும் பிறந்தது.

சபையில், வெல்லக்கடைத் தெருவைக் காணோமே என்று மெல்ல ஆரம்பித்தார். ராஜாவுக்குக் கோபம் வந்தது.

"தெரு அங்கேயேதான் இருக்கிறது. சுவர்தான் புதிது."

"பட்டத்து யானையையே கேட்போம், மகாராஜா. நவராத்திரி ஊர்வலத்தில் வெல்லக்கடைத் தெருவில் வெல்லம் வாங்காமல் அது நகர்ந்ததே இல்லை. இந்த முறை அங்குசம் வேண்டாம். மாளிகைகளுக்கு நடுவே அது நின்றால் என் பாதி மீசையை எடுத்துவிடுகிறேன்."

பந்தயம் என்றால் ராஜாவுக்கு உயிர். சரி என்றார். ராயர் முன்ஜாக்கிரதையாக நாவிதரையும் ஊர்வலத்தில் சேர்த்துவிட்டார்.

யானை புதுத் தெருவில் நுழைந்தது. முதல் பூட்டை மோந்தது. அடுத்த பூட்டையும் மோந்தது. நாவிதர் கத்தியைத் தீட்டினார். சட்டென்று யானை காதை விசிறிக்கொண்டு நடையை எட்டிப் போட்டது. அம்பாரியில் ராஜா கிரீடத்தைப் பிடித்துக்கொண்டார். மேளக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். கோட்டை வாசலும் தாண்டியாயிற்று. யானை போய் நின்ற இடம் ஏரிக்கரை, வெள்ளையம்மா கடை.

"வந்துட்டியா தாயீ" என்று அவள் ஓர் அச்சு வெல்லத்தைத் துதிக்கையில் வைத்தாள்.

"இது என்னை எங்கே கொண்டுவந்திருக்கிறது?" என்றார் ராஜா.

"வெல்லக்கடைத் தெருவுக்குத்தான், மகாராஜா" என்றார் பின்னாலேயே ஓடிவந்த கூத்தர்.

ராஜா அம்பாரி குலுங்கச் சிரித்தார். மாடிவீட்டுப் பூட்டுகளை உடைத்து, பழைய ஆட்களையே அங்கே கடை போடச் சொன்னார். இனி எந்தத் தெருவை இடிப்பதானாலும் யானை சம்மதிக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்.

மறுநாள் காலையில் ராயர் தம் திட்டம் வரைந்த பனையோலைக் கட்டை வேண்டாவெறுப்பாக யானை முன்னால் விரித்தார். யானை ஒவ்வோர் ஓலையாக எடுத்தது. நிதானமாகக் கட்டு முழுவதையும் தின்று முடித்தது.

"என்ன சொல்கிறது?" என்றார் ராஜா.

கூத்தர் முழு மீசையையும் முறுக்கிக்கொண்டார்.

"திட்டம் பிரமாதமாம், மகாராஜா. வேறு பிரதி இருந்தால் அதையும் கேட்கிறது."