ஆள்காட்டி எல்லோரையும் பார்த்துக் கத்துவது ஏன்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. ஏரி மதகைத் திறந்து மூடும் வேலையில் இருந்த எத்திராசு இதை எனக்குச் சொன்னபோது எங்கள் இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு பறவை கத்துவதற்குப் போர் எதற்கு, தூது எதற்கு என்று சிரித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். எந்த இடத்திலும் எதையும் மாற்றாமல் அதையேதான் சொன்னார். அவர் சொன்னபடி எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் தண்ணீரில் இருந்தவையும் தரையில் இருந்தவையும் ஒரே பாஷை பேசின. ஏரி முழுவதும் முதலைகளின் ராஜ்யமாக இருந்தது. மேற்கே இருந்த காடு காட்டுப்பன்றிகளின் ராஜ்யம். இரண்டுக்கும் நடுவே, கோடையில் தண்ணீர் வற்றும் இடத்தில், சரளைக்கல்லும் வெடித்த சேறுமாக ஒரு வெளி கிடந்தது. அது ஆள்காட்டிகளின் நாடு. அப்போது அவற்றுக்கு அந்தப் பெயர் இல்லை. அவை கத்துவதும் இல்லை. நீண்ட மஞ்சள் கால்களில் சத்தமில்லாமல் நடந்து திரியும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வழி கேட்டு வந்தவரை அவை தடுப்பதில்லை. கிளம்புகிறவரை எங்கே என்று கேட்பதில்லை, கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று நம்பின. போனவரைப் பற்றி மற்றவரிடம் பேசுவதுமில்லை. இதனால் எல்லோரும் அந்த வெளியை மதித்தார்கள். ஏரியின் ஆமைகள்கூடத் தங்கள் முட்டைகளை அங்கே இருந்த மணல்மேட்டில் புதைத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பின.

ஒரு வருடம் மழை பொய்த்தது. ஏரி சுருங்கியது. பின்வாங்கிய தண்ணீரின் ஓரத்தில் கோரைக்கிழங்கு வெளியே தெரிந்தது. பன்றிகள் அதைத் தோண்ட வந்தன. முதலைகள் அது தங்கள் மண் என்றன. போர் மூண்டது.

ஆள்காட்டிகளுக்கு அப்போது நெடுங்காலன் என்பவன் தலைவன். போர் தொடங்கியபோது வெளியில் பதினெட்டுக் கூடுகள் இருந்தன. கூடு என்று பெயர்தான், கல்லுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், அதில் கல்லைப் போலவே நாலு முட்டை. அவை பொரிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. மரத்தில் கூடு இருந்தால் யார் சண்டை போட்டால் என்ன. இங்கே ஒரு குளம்பு தவறி விழுந்தால் போதும். அந்தப் பத்தொன்பது நாளை எப்படியாவது கடத்திவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நெடுங்காலனின் நினைப்பாக இருந்தது.

முதலில் முதலைகளின் தூதனாக நீர்நாய் வந்தான். சிரித்துச் சிரித்துப் பேசுகிறவன். பன்றிகள் வெளியில் கால் வைத்தால் குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்டான். யாருக்காகவும் குரல் கொடுப்பதில்லை என்றான் நெடுங்காலன்.

"உனக்குக் கால் நீளம் மாப்பிள்ளை," என்றான் நீர்நாய். "தண்ணியிலயும் நிக்கலாம், தரையிலயும் நிக்கலாம்னு நெனைச்சுக்கிட்ட. சரி, கத்த வேண்டாம். நாங்க போனாலும் வாயை மூடிக்கிட்டு இருப்பியா?"

இருப்பேன் என்றான் நெடுங்காலன். அவர்கள் வழி கேட்டார்கள், அவன் கொடுத்தான். ஆறு முதலைகள் பட்டப்பகலில் சரளையில் வயிறு உரச நடந்து காட்டுக்குள் போயின. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அவற்றின் வாயில் பன்றிக்குட்டிகள் இருந்தன. ஆள்காட்டிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

மூன்றாம் நாள் பன்றிகளின் தூதனாக உடும்பு வந்தார். வயதானவர், மரியாதை தெரிந்தவர். வெகுநேரம் நலம் விசாரித்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"முந்தாநாள் முதலைகள் இந்த வழியாகத்தான் வந்தன, தலைவரே. நீங்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. அது உங்கள் வழக்கம், குறை சொல்ல நான் வரவில்லை. அதே மரியாதையை எங்களுக்கும் கேட்டுப் பெறத்தான் வந்தேன்."

நெடுங்காலனுக்கு இதைக் கேட்டுப் பெருமையாக இருந்தது என்பார் எத்திராசு. கோபத்தோடு வரவேண்டியவர் தன் நாட்டின் வழக்கத்தைப் புகழ்கிறாரே என்று நினைத்தான். கூடுகளைப் பற்றி மட்டும் கேட்டான். பன்றிகள் ஒற்றை வரிசையில் நடக்கும், ஒரு முட்டைகூட உடையாது, தானே முன்னால் நடந்து வழிகாட்டுவேன் என்று உடும்பு வாக்குக் கொடுத்தார். அப்படிச் சொல்லும்போது அவருடைய பிளவுபட்ட நாக்கு இரண்டு முறை வெளியே வந்து மணல்மேட்டின் பக்கம் நீண்டு, உள்ளே போனது. நெடுங்காலன் அதைப் பார்த்தான். மறுநாள் விடிந்ததும் வரலாம் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தான்.

மறுநாள் விடியும்போது ஆமைகள் ஏரியிலிருந்து ஏறி வந்தன. முன்னால் வந்தவள் பாசியக்கா. ஓடு முழுக்கப் பாசி படிந்திருந்ததால் அந்தப் பெயர். நெடுங்காலன் குஞ்சாக இருந்த நாளிலிருந்து அவளுக்கு அவனைத் தெரியும். போர்க்காலம் என்பதால் அவள் அவனருகே நின்று, என்றுமே கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"தம்பி, கரைப் பக்கம் யாரும் வரலியே? முட்டை போட ஆரம்பிச்சிட்டா நடுவில எங்களால நிறுத்த முடியாது. அதான் கேக்குறேன்."

நெடுங்காலன் காட்டைப் பார்த்தான். புதர்கள் அசைந்துகொண்டிருந்தன. அவன் தன் பதினெட்டுக் கூடுகளையும் பார்த்தான்.

"நம்ம வழக்கம் உனக்குத் தெரியும்தானே அக்கா," என்றான்.

பாசியக்கா வெட்கப்பட்டுச் சிரித்தாள். "தெரியும் தம்பி. கேட்டது என் தப்பு."

அவள் மணல்மேட்டில் ஏறினாள். மற்ற ஆமைகளும் ஏறின. பின்னங்கால்களால் குழி பறித்தன. முட்டையிடத் தொடங்கியதும் அவற்றின் கண்களில் நீர் வழிந்தது. பிறகு அவை எதையும் கவனிக்கவில்லை.

பன்றிகள் வந்தன. சொன்னபடி ஒற்றை வரிசையில் வந்தன. உடும்பு முன்னால் நடந்தார். ஒவ்வொரு கூட்டையும் சுற்றிக்கொண்டு அவ்வளவு கவனமாக நடந்தார்கள், ஒரு கல்கூடப் புரளவில்லை. ஏரியை நோக்கித்தான் போகிறார்கள் என்று ஆள்காட்டிகள் நினைத்தன. தண்ணீருக்கு நூறு அடி இருக்கும்போது வரிசை மணல்மேட்டின் பக்கம் திரும்பியது.

முதலைகளை எதிர்க்கப் பன்றிகளுக்குத் தைரியம் இல்லை. முதலைகளின் குடிகள் என்று அவை ஆமைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டன. இறந்த குட்டிகளுக்குப் பதில் என்றன. ஆமைகள் எழுந்து ஓடவில்லை. அவற்றால் முடியாது என்பதைத்தான் பாசியக்கா சொல்லியிருந்தாளே. கொஞ்ச நேரத்தில் மேடு சமதரையாகிவிட்டது. உடும்பு தன் பங்கைத் தின்றுவிட்டு, நெடுங்காலனுக்கு நன்றி சொல்லித் தலைதாழ்த்திவிட்டுப் போனார்.

பதினைந்து நாள் கழித்துப் பதினெட்டுக் கூடுகளிலும் முட்டைகள் பொரிந்தன. ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை. குஞ்சுகள் பிறந்த அன்றே கல்லுக்கு இடையில் ஓடின. மனைவி கூப்பிட்டும் நெடுங்காலன் அவற்றைப் பார்க்க வரவில்லை. மணல்மேடு இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அப்போது மேயவந்த ஒரு கிழ எருமை, யாருக்கும் கெடுதல் நினைக்காதது, வழி கேட்டபடி வெளியில் கால் வைத்தது. நெடுங்காலன் வாயைத் திறந்து கத்தினான். கத்திக்கொண்டே எழும்பி அதன் தலைக்குமேல் சுற்றினான். எருமை பயந்து திரும்பிப் போன பிறகும் அவன் நிறுத்தவில்லை. குஞ்சுகள் அந்தக் குரலைத்தான் முதலில் கற்றுக்கொண்டன.

அன்று முதல்தான் ஆள்காட்டி யார் வந்தாலும் கத்துகிறது. நாயா, நரியா, வேலைக்குப் போகிற மனிதனா என்று பார்ப்பதில்லை. வருகிறவர் நல்லவரா என்றும் பார்ப்பதில்லை. காது உள்ளவர்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ளட்டும் என்று கத்துகிறது. இரண்டு ராஜ்யங்களும் அதன்பிறகு அதை நண்பன் என்று சொன்னதில்லை.

போன வருடம் எத்திராசு ஓய்வு பெற்றார். நாங்கள் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். தண்ணீரை ஒட்டி நின்ற இரண்டு ஆள்காட்டிகள் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே பறந்தன. இத்தனை வருடமாகக் கேட்காததை அன்றைக்கு அவரிடம் கேட்டேன்.

"அந்த உடும்பு வழி கேட்டப்போ, பன்றிங்க எங்கே போகுதுன்னு நெடுங்காலன் கேக்காம விட்டானே, வழக்கத்துக்காகவா கேக்கல? இல்ல, பதில் தெரிஞ்சதாலயா?"