திவான் சோதித்த பல்லக்கு

ஜமீன் பல்லக்குக்கு ஆறு தூக்கிகள். முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடக்கும்போது, உள்ளே இருந்த திவான் அவர்களில் சடையனை மட்டும் விலகி நடக்கச் சொன்னார். பல்லக்கு நிற்கவில்லை.

"பார்த்தாயா? நீ இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இன்றோடு உனக்கு வேலை இல்லை!"

ஐயோ, வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா? சடையன் கும்பிட்டான்.

"சரிங்க எசமான். மத்தவங்களையும் இப்படியே பார்த்திடுங்க."

சடையன் திரும்பத் தோள் கொடுக்க, மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகி, மறுபடி சேர்ந்துகொண்டார்கள். யார் விலகினாலும் பல்லக்கு நகர்ந்தது.

"அடடே, ஆறு பேருமே தண்டச்சோறா!" என்று திவான் துள்ளினார்.

"ஆமாங்க எசமான். இறக்குங்கடா!" என்றான் சடையன்.

நடு ஆற்றில் பல்லக்கை வைத்துவிட்டு ஆறு பேரும் கரையேறினார்கள்.

பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி திவான் அலறினார்: "சடையா! எல்லாரும் வாங்கப்பா, ஒருத்தன்கூடக் குறையக் கூடாது!"