காயாத மதில்

வீடு கட்டி முடித்ததில் கை காலியாகிவிட, வெளிமதிலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் தோட்டம் போடுவதும் பொற்கொடியின் தலையில் விழுந்தன. கணவனுக்கு இரண்டாம் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. அவளுக்கும் வலிதான், படுக்கத்தான் நேரமில்லை.

இதற்கு நடுவே நகர் சங்கத் தலைவர் சடகோபனும் வாசலில் வந்து நின்றார். "மதில் சிமெண்டும் மண்ணுமா நிக்குது. செம்பருத்தியில பேருக்கு ஒரு பூ இல்ல. நகருக்கே அசிங்கம்மா! நாளைக்குக் கமிட்டியோட வருவேன். மதில்ல பெயிண்ட் இருக்கணும், செடியில பூ இருக்கணும். இல்லேன்னா சங்கத்துத் தண்ணி கிடையாது."

செம்பருத்தி தினமும் பூக்கத்தான் செய்தது. பொழுது விடிவதற்குள் யாரோ மதில்மேல் சாய்ந்து, ஒன்று விடாமல் பறித்துக்கொண்டு போனார்கள்.

"ரெண்டையும் ஒண்ணாவே முடிச்சிடறேன் சார்" என்றாள் பொற்கொடி அலுப்போடு.

அன்று மாலைக்குள் மதில் பச்சையானது. இடுப்பளவு உயரத்திலிருந்த மேல்விளிம்பை மட்டும் மிச்சம் வைத்து, மறுநாள் இருட்டு விலகுமுன்பே எழுந்து பூசிவிட்டு மறுபடி போய்ப் படுத்தாள்.

பூஜை முடிந்த கையோடு, நெற்றியில் திருமண் துலங்க, கமிட்டியோடு வந்தார் சடகோபன். "மதில் சரி. பூ எங்கே?"

கமிட்டிக்காரர்கள் செடியைப் பார்க்கவில்லை. தலைவரின் தொந்திக்குக் கீழே, அவர் கண்ணுக்கு மட்டும் எட்டாத இடத்தில், வெள்ளை வேட்டியின் குறுக்கே பட்டையாக ஒரு பச்சைக் கோடு.

பொற்கொடி கொட்டாவியை அடக்கிக்கொண்டு பிரஷ்ஷை எடுத்தாள்.

"பூ உங்க வீட்டுப் பெருமாள்கிட்ட இருக்கும் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க சாஞ்ச இடத்துல இன்னொரு தடவை அடிக்கணும்."