பதின்மூன்று சிவப்பு வயர்கள்

"லாரி பேட்டரியில் ரெண்டே வயர். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். முப்பது வருஷம் கண்ணை மூடிக்கிட்டு மாட்டியிருக்கேன். இதில் மெல்லிசா பதினாலு. ஒண்ணு கறுப்பு, மிச்சம் பதிமூணும் சிவப்பு. எது எதுன்னு எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?"

கேட்ட தேவசகாயத்துக்கு வயது ஐம்பத்தாறு. டீச்சர் ரஹ்மத்துக்கு இருபத்தேழு. மேலப்பாளையத்தில் மின்வண்டிகளுக்கு லித்தியம் பேட்டரி பழுது பார்ப்பவள், அந்த வேலையை அவருக்குக் கற்றுக்கொடுப்பவள்.

"அதுங்களையே கேளுங்க அண்ணே" என்றாள்.

தேவசகாயத்துக்குக் கோபம் வந்தது. போன வாரம்தான் வயரை மாற்றிச் சொருகி, பேட்டரியைக் காக்கும் சர்க்யூட் போர்டுகள் இரண்டைப் புகைய விட்டிருந்தார்.

வாசலில் மரகதம் காத்திருந்தார். இரண்டாம் வகுப்பு ஆசிரியை, நடக்க முடியாதவர். பேட்டரி அவருடைய மூன்று சக்கர வண்டியுடையது. மூன்று மணிக்குப் பள்ளி ஆண்டு விழா. அவர் வராமல் மேடை ஏற மாட்டோம் என்று வகுப்புப் பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்களாம்.

"கறுப்பு வயரும் சிவப்பு வயர்களும் வரிசையாத்தான் இருக்கு. நேத்து நானே ஈயம் உருக்கி சால்டர் வெச்சேன். ரெண்டு தடவை பார்த்தேன். கனெக்டரைப் போர்டில் சொருகிடட்டுமா?" என்றார் தேவசகாயம்.

"பார்த்தீங்க. கேட்டீங்களா?" என்றாள் ரஹ்மத்.

அவ்வளவுதான் சொன்னாள். வோல்ட் மீட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தார். சிவப்பு முனையால் கனெக்டரில் ஒவ்வொரு வயராகத் தொட்டு, உரக்கப் படித்தார்.

"கறுப்பு வயர், பூஜ்யம்."

"ம்."

"முதல் சிவப்பு, மூணு புள்ளி ஏழு. அடுத்தது ஏழு புள்ளி நாலு. பதினொண்ணு புள்ளி ஒண்ணு."

"ம்."

"பதினெட்டு புள்ளி அஞ்சு."

ரஹ்மத் டீயை ஊதிக் குடித்தாள்.

"பதினாலு புள்ளி எட்டு…"

கை நின்றது.

"டீச்சர், உள்ளே இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் மூணே முக்கால் வோல்ட் கிட்ட ஏறிக்கிட்டே வந்துச்சு. இங்கே இறங்குதே!"

"அப்படியா?"

"நாலாவதும் அஞ்சாவதும் இடம் மாறிக் கிடக்கு. சொருகியிருந்தா மூணாவது போர்டும் போயிருக்கும்!"

பயந்திருக்க வேண்டியவர், விழுந்து விழுந்து சிரித்தார். ரஹ்மத்துக்கும் சிரிப்பு வந்து டீ சிந்தியது.

இரண்டு வயர்களையும் இடம் மாற்றினார். மறுபடி முதலிலிருந்து படித்தார். இந்த முறை பதின்மூன்றும் படிப்படியாக ஏறி, நாற்பத்தெட்டில் போய் நின்றன.

கனெக்டரைச் சொருகினார். புகை இல்லை.

பேட்டரியை வண்டியில் வைத்து மூடியபோது மணி இரண்டே கால்.

"ஐயா, எல்லாம் சரியா இருக்கா? கிளம்பலாமா?" என்றார் மரகதம்.

"அதெல்லாம் சரியா…" என்று தொடங்கிய தேவசகாயம் வாயை மூடிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்மா" என்று மீட்டரைத் தேடி உள்ளே ஓடினார்.