மானேஜரின் மச்சான் கார்

கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனி. அங்கே செண்பகவல்லி என்றொரு விற்பனைப் பிரதிநிதி. வால்பாறை எஸ்டேட்டுகளுக்கு அவள் பஸ்ஸில் போய்வரப் படும் பாட்டைப் பார்த்த முதலாளியம்மா, "கார் அலவன்ஸ் தர்றேன், உனக்குப் புடிச்ச காரா வாங்கிக்க" என்று சொல்லிவிட்டார். செண்பகவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஷோரூம் விடாமல் ஏறி இறங்கினாள்.

ஆனால் அந்த அலவன்ஸுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் மானேஜர் தாண்டவமூர்த்தி. அவர் தன் மச்சானின் பழைய காரை ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "இதை வாங்கினாத்தான் கையெழுத்து. புதுக் காரெல்லாம் இதுக்கு முன்னால நிக்காது!" என்றார்.

ஒரு தெரு ஓட்டிப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நேரே முதலாளியம்மாவை வாசலுக்கு அழைத்து வந்தாள்.

"அம்மா, இவ்வளவு உசந்த கார்ல நான் போனா நல்லாவா இருக்கும்? இதைச் சாரே வெச்சுக்கட்டுங்க. அவருக்குக் கம்பெனி குடுத்த காரை எனக்குக் குடுத்துடுங்க. நாளைக்கு அவரும் வால்பாறைக்குத்தானே போறாரு!"

"நல்ல யோசனை. உங்க கார் சாவியைக் குடுங்க, தாண்டவமூர்த்தி."

மானேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ, இதுலயா? மலை இறங்கும்போது பிரேக்கே புடிக்காதுங்கம்மா!" என்று அலறிவிட்டார்.

"அப்ப இந்தப் பொண்ணை மட்டும் எப்படி இதுல அனுப்பப் பார்த்தீங்க?"

முதலாளியம்மா தானே கையெழுத்துப் போட்டார். செண்பகவல்லி துள்ளிக் குதித்து ஷோரூமுக்கு ஓடினாள். வாசலில் நின்ற கார் கிளம்ப மறுத்ததால், மானேஜரே அதைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனார்.