மடிநாய்க்கு விரித்த பட்டு

விரோதி வருடம் ஆவணி மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, தலைநகர அரண்மனையின் கிழக்குக் கட்டுக்குள் அரசரின் மடிநாய் இறந்தது. அதற்கு வயது மூன்று.

எந்த நாடு, எந்த அரசர் என்று கேட்க வேண்டாம். முன்னொரு காலத்தில் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தம் இருக்காது.

நீண்ட வெள்ளை மயிர் உள்ள சிறிய நாய் அது. கடல் கடந்து வந்தது. தினம் இரண்டு வேளை சீவ வேண்டும், கொஞ்ச தூரம் நடத்த வேண்டும் என்று கொண்டுவந்தவர் சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் அந்த அரண்மனையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. அரசர் மடியில் அமர்ந்த எதுவும் மண்ணை மிதிக்கக் கூடாது என்பது ஒன்று. கைக்குழந்தைகளான இளவரசர்களுக்காக ஏற்பட்ட விதி அது. நாய்க்கும் அதையே வைத்தார்கள். அரண்மனைக்குள் எந்த மயிரில் சீப்பு பட்டாலும் அது அரண்மனை நாவிதர் கையால், நல்ல நாளில்தான் பட வேண்டும் என்பது இன்னொன்று. செவ்வாய், வெள்ளி, சனி, அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி, நவமி, அரசர் பிறந்த நட்சத்திரம், ராணி பிறந்த நட்சத்திரம் எல்லாம் கழித்தால் மாதத்தில் ஒன்பது நாள் மிஞ்சும்.

நாய் மூன்று வருடம் மெத்தையிலேயே கிடந்தது. நெய்ச்சோறு தின்றது. மயிர் சிக்கு விழுந்து கம்பளி போல் இறுகியது. அதன் அடியில் தோல் புண்ணானது. நாய்க்காரன் ஒச்சப்பன் நான்கு முறை பிரதானியின் வாசலில் போய் நின்றான். "சாமி, கொஞ்சம் இறக்கி நடக்க விட்டா பொழைச்சுக்கும்" என்றான். நான்கு முறையும் வழக்கத்தைச் சொல்லி அனுப்பினார்கள். நாய் இறந்த அன்று மாலை அவனைச் சிறையில் போட்டார்கள்.

பிரதானியின் பெயர் திருமலைக்கொழுந்து. வரிசையில் அரசருக்கு அடுத்தவர். ஆனால் சபையில் அரசருக்கு மிக அருகில் விரித்த பாய் அவருடையதல்ல; விகடம் சொல்லும் நல்லணைந்தானுடையது. பதினான்கு வருடமாகப் பிரதானி அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாயைப் புதைத்த மூன்றாம் நாள் அரசர் சபையில் கேட்டார். "நம் நாய் ஏன் இறந்தது?"

"நாய்க்காரனின் அசட்டைதான் காரணம், அரசே" என்றார் பிரதானி.

"நல்லணைந்தான், நீ என்ன சொல்கிறாய்?"

"மன்னிக்க வேண்டும், அரசே. இந்த அரண்மனையில் நடக்காமல், குனியாமல், தின்றுகொண்டே இருப்பவர்கள் பலர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நாய்க்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியவில்லை."

அரசர் தொடையில் தட்டிச் சிரித்தார். இருபத்திரண்டு அதிகாரிகளும் அவர் சிரித்ததால் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அரசர், தமக்கு இன்னொரு நாய் வேண்டும் என்றார். சேகு மீரான் மரைக்காயரின் கப்பலில் மூன்று சிறிய நாய்கள் வந்திருப்பதாகக் கேள்வி. அவற்றில் இந்த அரண்மனைக்கு ஏற்றது எதுவோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரதானி எழுந்தார். "அந்தப் பொறுப்பை நல்லணைந்தாரிடமே கொடுக்கலாம், அரசே. ஒரு மண்டலம் பார்ப்போம். நாய் நன்றாக வாழ்ந்தால், இந்த அரண்மனையில் நாய் வாழ முடியும் என்று ஆகிவிடும். அப்படியானால் முதல் நாயைக் கொன்றது ஒச்சப்பன்தான். நாற்பத்தெட்டாம் நாள் விடிந்ததும் அவன் வலக்கையை வாங்கிவிடலாம். நாய் நோய்ப்பட்டாலோ செத்தாலோ, குற்றம் நாயைத் தேர்ந்தெடுத்தவருடையது. கை அவருடையது."

"ஆக, ஒரு கை உறுதி" என்றார் அரசர். தீர்ப்பின் ஒழுங்கு அவருக்குப் பிடித்திருந்தது. ஓலை எழுதி முத்திரை வைத்தார்கள்.

நாய் செத்தால் நல்லணைந்தானின் கை. பிழைத்தால் ஒச்சப்பனின் கை. சபை கலைந்தபோது பிரதானி நல்லணைந்தானின் தோளைத் தொட்டு, "விகடக்காரரே, சிரிப்பு வரவில்லையா?" என்று கேட்டார்.

"வருகிறது, பிரதானியாரே. நாற்பத்தெட்டாம் நாளுக்கென்று சேர்த்து வைக்கிறேன்."

மறுநாள் துறைமுகக் கிடங்கில் மரைக்காயர் மூன்று நாய்களையும் அவிழ்த்து விட்டார்.

"வாங்க, வாங்க. இந்தா நிக்குதே பட்டு மாதிரி, இது போன நாய்க்குத் தங்கச்சின்னு வைங்க. நடை அதிகம் வேண்டாம். ஆனா சீப்பை எடுத்தா ஒருநாள் கீழே வைக்கக் கூடாது."

"அடுத்தது?"

"இந்தச் சப்பை மூஞ்சியா? சாது. மடியைவிட்டு எறங்காது. மூஞ்சியில மடிப்பு மடிப்பா இருக்கு பாருங்க, அதுக்குள்ள தினம் தொடைக்கணும், இல்லேன்னா புழு வச்சிரும். நம்ம ஊரு வெயிலு இதுக்கு ஆகாது. கப்பல்லயே ரெண்டு செத்துப் போச்சு."

மூன்றாவது நாய் அதற்குள் ஒரு சாக்கின் வாயைக் கிழித்து, மிளகைச் சிதறவிட்டு, கிடங்கை நான்கு முறை சுற்றி வந்திருந்தது. பழுப்பும் வெள்ளையுமாகக் குட்டை மயிர். முழங்கால் உயரம்கூட இல்லை.

"அது வேணாங்க" என்றார் மரைக்காயர். "சீப்பே வேண்டியதில்ல. வாரத்துக்கு ஒருதரம் ஈரத்துணியால தொடச்சாப் போதும். ஆனா காலையில ஒரு நாழிகை, சாயங்காலம் ஒரு நாழிகை தல தெறிக்க ஓடணும். ஓட விடலைன்னா வீட்டைக் கடிக்கும். கடிக்க ஒண்ணும் இல்லேன்னா தன் வாலையே கடிக்கும்."

"அரண்மனையில் கடிக்க நிறைய இருக்கிறது" என்றான் நல்லணைந்தான். "இதையே கொடுங்கள்."

அரசர் நாயை மடியில் வைத்துக்கொண்டார். அந்த நேரத்திலிருந்து அது மண்ணை மிதிக்க முடியாது. முதல் நாள் அது தலையணையைக் கிழித்தது. இரண்டாம் நாள் அரசரின் பாதரட்சையைத் தின்றது. மூன்றாம் நாள் காலை சபையில் வைத்தே அரசரின் கட்டைவிரலைப் பதம் பார்த்தது.

அரசர் கத்தினார். "இதை ஓட விடு, நல்லணைந்தான்!"

"மண்ணை மிதிக்கலாமா, அரசே?"

"கூடாது. வழக்கம் வழக்கம்தான்."

"அப்படியானால் விரிப்பு வேண்டும். அரச மடியில் இருந்தது கால் வைக்கும் விரிப்பு அரசர் கையால் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பதும் வழக்கம். அரசர் கையால் கொடுத்த துணி இந்த அரண்மனையில் எங்கே இருக்கிறது?"

அரசர் சபையைப் பார்த்தார். இருபத்திரண்டு தோள்களில் இருபத்திரண்டு பட்டு அங்கவஸ்திரங்கள் இருந்தன. எல்லாம் அவர் கையால் போர்த்தியவை.

"அரசர் போர்த்திய பட்டைப் போர்த்தப்பட்டவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்பது மூன்றாவது வழக்கம்" என்றான் நல்லணைந்தான். "சென்ற ஆண்டு பிரதானியாரின் பட்டை மடித்து வைத்த வண்ணாத்திக்குப் பன்னிரண்டு கசையடி கொடுத்தார்கள். ஆகவே அவரவர் பட்டை அவரவரே விரிக்க வேண்டும், அவரவரே எடுக்க வேண்டும்."

அன்று மாலையே தொடங்கியது. யானை கட்டும் மைதானத்தில் இருபத்திரண்டு பேரும் வரிசையாக நின்று பட்டை விரித்தார்கள். நாய் பாய்ந்தது. அது கடந்த பட்டை எடுத்துக்கொண்டு, நாயைத் தாண்டி ஓடி, முன்னால் போய் மறுபடி விரிக்க வேண்டும். நாய் நேராகவும் ஓடவில்லை. படையை நடத்தும் தண்டநாயகர் தன் வேட்டியை மிதித்து விழுந்தார். கருவூலத்தார் வாயால் மூச்சு விட்டபடி, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம், சனியனே!" என்று நாயைக் கெஞ்சினார். பிரதானி கடைசி ஆளாக ஓடினார். அவருக்கு வயது அறுபத்தொன்று. அரசர் மாடத்திலிருந்து பார்த்து, கண்ணீர் வரச் சிரித்தார். தினம் இரு வேளையும் நடக்கட்டும் என்றார்.

செய்தி பரவியது. ஓட்டம் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து மைதான வேலிக்கு வெளியே ஜனங்கள் கூடினார்கள். மோர் விற்க ஒருத்தி வந்தாள். "ஏலே, இன்னிக்கு யாரு மொதல்ல விழுவா?" "தண்டநாயக்கருதான்டா, வயித்தப் பாரு." வரி கேட்டு வீடு வீடாக வந்தவர்கள் நாய்க்கு முன்னால் குனிந்து ஓடுவதைப் பார்க்க ஆற்றின் அக்கரையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். நல்லணைந்தான் ஒரு மரத்தடியில் பாய் போட்டு அமர்ந்து, "பிரதானியாரே, வடக்குப் பக்கம் மண் தெரிகிறது!" என்று குரல் கொடுப்பான். அவன் வாழ்நாளில் சொன்ன எந்த விகடத்துக்கும் ஊர் இப்படிச் சிரித்ததில்லை.

இருபத்தோராம் நாள் ஒச்சப்பனின் மனைவி சிலம்பாயி அந்த மரத்தடிக்கு வந்தாள். கையில் கஞ்சிக் கலயம் இருந்தது. சிறைக்குப் போகும் வழி அது.

"சாமி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளம்மா."

"நாயி நல்லாத்தான இருக்கு?"

"மிக நன்றாக இருக்கிறது."

"அதான் பயமா இருக்கு. அது நல்லா இருந்தா எங்க வீட்டுக்காரரு கையி போயிரும்ல."

நல்லணைந்தான் அவளுக்கு விளக்கினான். ஒரு கேள்வி வைத்திருக்கிறான். இந்த நாய் பிழைத்தது தினம் ஓடியதால். ஓடியது இருபத்திரண்டு பெரிய மனிதர்கள் பட்டு விரித்ததால். ஒச்சப்பனின் நாய்க்கு அப்படி யார் விரித்தார்கள்? இதைச் சபையில் கேட்டால் போதும். அரசர் சிரித்துவிடுவார். சிரித்தால் விடுதலை.

சிலம்பாயி கலயத்தை மறு கைக்கு மாற்றினாள். "அத இப்பவே கேட்டுரலாமே, சாமி?"

"மண்டலம் முடியாமல் கேட்டால், நாளைக்கு நாய் செத்தால் என்ன செய்வாய் என்பார்கள். பொறு."

அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அவள் நின்றுகொண்டிருக்கும்போதே மைதானத்தில் கருவூலத்தாரின் பட்டைப் பல்லால் கவ்வி நாய் இழுக்க, அவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அழாக்குறையாக நின்றார். வேலி அதிர ஜனங்கள் சிரித்தார்கள். நல்லணைந்தானும் சிரித்தான். திரும்பிப் பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

நாற்பத்தேழாம் நாள் மாலை, ஓட்டம் முடிந்து பிரதானி தன் பட்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். முழங்கை இரண்டும் சிராய்த்திருந்தன. நல்லணைந்தான் அவர் அருகே போய் நின்றான். பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவனால் முடியவில்லை.

"நாளை சபையில் ஒரே ஒரு கேள்விதான், பிரதானியாரே. இந்த இருபத்திரண்டு பேரை ஒச்சப்பனுக்கு யார் கொடுத்தார்கள்?"

பிரதானி பட்டின் ஓரங்களைச் சேர்த்து இன்னொரு மடிப்பு மடித்தார்.

"நல்ல கேள்வி" என்றார். தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அந்த அரசர் சூரியோதயத்துக்கு ஏழு நாழிகை கழித்து எழுபவர். சபை பத்தாம் நாழிகையில் கூடும். அரண்மனையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. நல்லணைந்தானுக்கும் தெரியும்.

நாற்பத்தெட்டாம் நாள் பத்தாம் நாழிகையில் சபை கூடியது. நாய் அரசரின் மடியில் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வைத்தியர் அதன் பல், காது, தோல் எல்லாம் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்றார். நல்லணைந்தான் எழுந்து தன் கேள்வியைக் கேட்டான். அத்தோடு நிற்காமல், ஒச்சப்பனுக்கு இருபத்திரண்டு பிரபுக்கள் இருந்திருந்தால் அந்த நாய் மட்டுமல்ல, பிரபுக்களும் மெலிந்து ஆரோக்கியமாக இருந்திருப்பார்கள் என்றான்.

அரசர் சிரித்தார். மடியிலிருந்த நாய் குலுங்கியது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

"தோற்றோம்! நாய்க்காரன் மேல் குற்றம் இல்லை. அவனை விடுங்கள். நல்லணைந்தான், இங்கே வா." தன் கையிலிருந்த பொன் காப்பைக் கழற்றி, விகடக்காரனின் வலக்கையைப் பிடித்து மாட்டினார். "இந்தக் கை நமக்கு வேண்டும்."

பிரதானி எழுந்து வணங்கினார். "அரசே, ஆணை நிறைவேறிவிட்டது."

"எந்த ஆணை?"

"விடிந்ததும் என்று ஓலையில் இருந்தது. விடிந்ததும் வைத்தியர் சிறைக் கூடத்துக்கு வந்து, நாய் நலம் என்று எழுதிக் கொடுத்தார். சிறைத் தலைவர் காத்திருக்கவில்லை. நாங்களும் நாற்பத்தைந்து நாளாக ஆணையை எழுத்துப் பிசகாமல்தான் செய்து வருகிறோம்."

அரசர் நாயின் காதைத் தடவினார்.

"அப்படியா" என்றார். அடுத்த காதுக்குக் கையை மாற்றி, "அவனுக்கு மறுபடி வேலை கொடுங்கள்" என்றார். பிறகு உணவுக்கு எழுந்துவிட்டார்.

நல்லணைந்தான் சிறைக்குப் போனான். ஒச்சப்பன் வைக்கோலின் மேல் படுத்திருந்தான். வலக்கை வெட்டிய இடத்தைக் கொதிக்கும் எண்ணெயில் முக்கிக் கட்டியிருந்தார்கள். சிலம்பாயி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நல்லணைந்தானின் கையிலிருந்த காப்பையும் பார்த்தாள்.

"ராசா சிரிச்சாராம்ல" என்றாள்.

அவன் காப்பைக் கழற்றி அவள் அருகே வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. காவலாளி அதை எடுத்து, அரசர் கையால் கொடுத்ததை வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லி, அவசரமாகக் கீழே போட்டான். நல்லணைந்தானே அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

புரட்டாசி முடிவதற்குள் வழக்கம் தளர்த்தப்பட்டது. அதிகாரிகளின் விண்ணப்பத்தின் பேரில், அரசர் மடியில் அமர்ந்த நாய் மண்ணை மிதிக்கலாம் என்று ஓலை வந்தது. சபையில் நல்லணைந்தானின் பாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒச்சப்பன் கார்த்திகை மாதம் வேலைக்குத் திரும்பினான். காலையில் ஒரு நாழிகை, மாலையில் ஒரு நாழிகை மைதானத்தில் நாயை ஓட விட்டான். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்தான். குட்டை மயிர் நாய். அதற்கு ஒரு கை போதுமாக இருந்தது. நாய் பதினோரு வருடம் வாழ்ந்தது.